மைசூர்ப் பக்கத்துப் பண்ணை வீடுகள்

பண்ணை வீட்டுத் தங்கல் என்பது, பயிர் விளைந்துகொண்டிருக்கும் ஒரு நிலத்தில், அதில் பாடுபடும் குடும்பத்தின் வீட்டிலேயே ஓரிரு இரவு தங்குவது. காலைச் சாப்பாடு வாடகையோடு சேர்ந்தது. பல வீடுகளில் மூன்று வேளையும் உண்டு. கர்நாடகத்தில் இந்த வழக்கம் குடகின் காப்பித் தோட்டங்களில் வேர்பிடித்துப் பரவியது. இன்று மைசூரைச் சுற்றியுள்ள ஹெக்கடதேவனகோட்டை, நஞ்சன்கூடு, தி.நரசிப்பூர் வட்டாரங்களிலும், பக்கத்து மண்டியா மாவட்டத்தின் ஸ்ரீரங்கப்பட்டணம் பகுதியிலும் இப்படித் தங்க இடம் கிடைக்கிறது.

எது பண்ணை வீடு என்பதில்தான் குழப்பம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘இன்க்ரெடிபிள் இந்தியா பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ திட்டத்தில் ஒரு வீடு பதிவு பெற வேண்டுமானால், உரிமையாளரின் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். விருந்தினருக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேல் போகக் கூடாது. தேறும் வீடுகள் தங்கம், வெள்ளி என இரு தரங்களில் வகைப்படுத்தப்படுகின்றன. இத்தாலி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே 1985இல் வந்த சட்டம், விருந்தோம்பல் வேளாண்மையைச் சார்ந்த துணைத் தொழிலாகவே நடக்க வேண்டும் என்று வரையறுத்தது. நம் நாட்டில் மகாராஷ்டிரம் 2020இல் வேளாண் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது.

கர்நாடகத்தில் அதே 2020இல் வேறொரு மாற்றம் வந்தது. விவசாயிகள் அல்லாதோர் விளைநிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திவந்த நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகள் நீக்கப்பட்டன. நகரவாசிகள் நிலம் வாங்கி, நீச்சல் குளம் கட்டி, வார இறுதிக்கு வாடகைக்கு விடும் வீடுகளும் ‘ஃபார்ம் ஸ்டே’ என்றே விளம்பரமாகின்றன. அவற்றில் ஓய்வு கிடைக்கும். விவசாயத்தைப் பார்க்க முடியாது. குழந்தைகளை அழைத்துப் போகிற குடும்பம் முன்பதிவுக்கு முன்பே, வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்கிறாரா, இந்த மாதம் நிலத்தில் என்ன வேலை நடக்கிறது என்ற இரண்டையும் கேட்டுவிடுவது நல்லது. இரண்டாவது கேள்விக்குத் தடுமாறாமல் பதில் வந்தால் அது பண்ணைதான்.

என்ன வேலை நடக்கும் என்பதை முடிவு செய்வது தண்ணீர். காவிரிக்குக் குறுக்கே 1911இல் தொடங்கி 1930களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட கிருஷ்ணராஜசாகர் அணை, மண்டியாவை நெல்லும் கரும்பும் விளையும் பூமியாக்கியது. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலங்களில் ராகியும் மொச்சையும் மானாவாரியாக விளைகின்றன. ஜூன், ஜூலையில் விதைத்த ராகி நவம்பர், டிசம்பரில் அறுவடைக்கு வரும். பசுமையோடு வேலையும் பார்க்க விரும்புவோருக்கு ஆகஸ்டு முதல் ஜனவரி வரை ஏற்ற காலம். தசரா நாள்களில் மட்டும் மைசூர் முழுக்கக் கூட்டமும் வாடகையும் ஏறிவிடும்.

கரும்பு வெட்டும் காலத்தில் தங்குபவர்கள் ஆலைக் கொட்டகையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. கன்னடத்தில் இதை ஆலெமனை என்பார்கள். பிழிந்த சாறு பெரிய கொப்பரையில் கொதிக்கும்போது சிறிது சுண்ணாம்பு சேர்ப்பார்கள். அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும். அதை அரித்து அரித்து எடுக்க வேண்டும். வெண்டைச் செடியின் வழவழப்பான சாற்றை விட்டு அழுக்கைப் பிரிக்கும் முறையும் உண்டு. அடுப்புக்கு விறகு வாங்குவதில்லை. முன்பு பிழிந்த கரும்பின் காய்ந்த சக்கையே எரிபொருள். பதம் பார்ப்பவர் ஒரு துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுகிறார். உருண்டால் இறக்க வேண்டியதுதான். சில நிமிடம் தவறினாலும் அந்தக் கொப்பரை முழுக்க வீணாகும் என்பதால், அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. விருந்தினரும் கொடுக்கக் கூடாது.

மல்பெரித் தோட்டம் உள்ள வீடுகளில் பட்டுப்புழு மனையைப் பார்க்கலாம். புழு சுமார் 25 நாள் தழை தின்று, நான்கு முறை தோல் உரித்து, பிறகு கூடு கட்டும். தின்னும் மொத்தத் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடைசிப் பருவத்திலேயே தீர்ந்துபோகும். அப்போது மனைக்குள் நின்றால் ஓட்டுக் கூரையில் தூறல் விழுவது போன்ற ஓசை கேட்கும். கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். நகரத்திலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் அறியாத ஒன்று: கொசுவர்த்திப் புகை பட்டுப்புழுவுக்கு நஞ்சு. இரவில் பற்றவைத்த ஒரு சுருள், அந்தக் குடும்பத்தின் ஒரு மாத உழைப்பை அழித்துவிடக்கூடும். கொசுவலையே போதும்.

மாடு உள்ள வீட்டில் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். கிராமப் பால் கூட்டுறவுச் சங்கம் காலையும் மாலையும் குறித்த நேரத்தில் பால் எடுக்கும். அது நந்தினி பாலாகக் கடைக்கு வரும். விருந்தினர் எழுந்திருக்கட்டும் என்று கறவை காத்திருக்காது. எட்டு மணிக்கு எழும் பிள்ளைகளுக்குக் காலிக் குடம்தான் மிஞ்சும்.

சாப்பாட்டில் ராகிக் களியே தலைமை. கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டி, கோலால் கட்டியில்லாமல் கிளறி, ஈரக் கையால் உருட்டுவார்கள். கிள்ளி, சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவது ஊர் வழக்கம். கூடவே வரும் பஸ்ஸாரு சிக்கனத்தின் அழகு: கீரையும் பருப்பும் வெந்த நீரை வடித்து, மசாலா அரைத்து விட்டால் சாறு, வடித்த கீரையையும் பருப்பையும் தாளித்தால் பொரியல். குளிர்காலத்தில் மொச்சையின் தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பில் குழம்பு வைப்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு இந்தப் பிதுக்குப் பருப்பு பழக்கமான ருசி. நஞ்சன்கூடு ரசபாளே வாழைப்பழம் கிடைத்தால் விடக் கூடாது. புவிசார் குறியீடு பெற்ற அந்த ரகத்தைப் பனாமா வாடல் நோய் ஏறக்குறைய அழித்துவிட்டது. இன்று பயிரிடுவோர் சிலரே.

நாகரஹொளே, பந்திப்பூர்க் காடுகளை ஒட்டிய பண்ணைகளில் இருட்டிய பிறகு வீட்டை விட்டுத் தள்ளிப் போகக் கூடாது. யானையும் காட்டுப்பன்றியும் பயிரைத் தேடி வரும். சூரிய மின்வேலி அலங்காரத்துக்குப் போட்டதல்ல. வரப்பில் நடக்க மூடிய செருப்பும் டார்ச்சும் தேவை. கிணறு, பண்ணைக் குட்டை, மருந்தடித்த வயல் எவை என்று வந்தவுடன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுற்றிப் பார்க்க, 13ஆம் நூற்றாண்டில் எழுந்த சோமநாதபுரம் கோயிலும், 1940இல் சரணாலயமான ரங்கனதிட்டும் அருகிலேயே உள்ளன. ஊட்டி, கூடலூர் வழியாக வருபவர்கள் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும் என்பதை மனத்தில் வைத்துக் கிளம்ப வேண்டும். திம்பம் மலைப் பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு.