நுழையாமலே மூளும் அழற்சி

கொரோனா என்றதும் நினைவுக்கு வருவது ஸ்பைக் புரதம்தான். செல்லைத் திறக்கும் சாவி அது என்று 2020இல் படம் போட்டு விளக்காத பத்திரிகை இல்லை. கூடவே, வைரஸ் செல்லுக்குள் புகுந்து பெருகினால்தான் தொல்லை என்ற எண்ணமும் பதிந்துவிட்டது. அது பாதி உண்மை. வைரஸ் உள்ளே போகாத செல்லிலும், அதன் புரதம் வெளியில் பட்டாலே அழற்சி மூளலாம். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனையில் திருமலாதேவி கன்னெகண்டியின் குழு 2021இல் காட்டியது இதைத்தான். அவர்கள் அடையாளம் கண்ட புரதம் ஸ்பைக் அல்ல, வைரஸின் உறைப் புரதம். ஸ்பைக்கில் 1,273 அமினோ அமிலங்கள் இருக்க, இந்தப் பொடியனிடம் இருப்பவை வெறும் 75. நம் நோய் எதிர்ப்புச் செல்களின் மேற்பரப்பில் டிஎல்ஆர்-2 என்றொரு உணரி உண்டு. பாக்டீரியாக்களின் உறைத் துணுக்குகளை மோப்பம் பிடிப்பது அதன் வழக்கமான வேலை. உறைப் புரதம் பட்டதும் அது விழித்துக்கொள்கிறது. என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை உட்கருவுக்குள் போகவிடாமல் பிடித்துவைத்திருக்கும் இன்னொரு புரதம் அப்போது சிதைக்கப்படுகிறது. விடுபட்டது உள்ளே போய், டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 முதலான அழற்சிப் புரதங்களின் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. காய்ச்சல் ஏறுவது இவற்றால்தான். இவை அளவு மீறினால் ரத்தக் குழாய்கள் கசிந்து, நுரையீரலின் காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்ளும்.

இதற்கு ஆய்வாளர்களே எழுப்பும் ஆட்சேபம் ஒன்று உண்டு. ஆய்வகங்களில் இத்தகைய புரதங்களைப் பல நேரம் ஈ.கோலை பாக்டீரியாவைக் கொண்டுதான் தயாரிக்கிறார்கள். அதன் நச்சு துளி ஒட்டியிருந்தாலும் அழற்சி வரும். பழி புரதத்தின் மேல் விழும். நியாயமான சந்தேகம்தான். ஸ்பைக் குறித்த சில முடிவுகளை இன்றும் தயக்கத்தோடு பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான். ஆகவே குப்பியிலிருந்து ஊற்றிய புரதத்தைவிட, உயிருள்ள வைரஸ் தொற்றிய எலிகள் சொல்வதற்கே நான் அதிக மதிப்புத் தருவேன். கன்னெகண்டியின் குழு டிஎல்ஆர்-2ஐ மருந்தால் தடுத்தபோது அந்த எலிகளை நோய் அவ்வளவாக வாட்டவில்லை.

அழற்சி உடலின் தற்காப்புதானே, அதை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். தற்காப்புதான், ஆனால் இந்த வைரஸ் அதன் ஒரு பக்கத்தை முடக்கிவிடுகிறது. வைரஸ் பெருகுவதை அடக்குபவை இன்டர்ஃபெரான்கள். அவற்றின் சேதி உட்கருவைச் சேராதபடி ஓஆர்எஃப்-6 என்ற வைரஸ் புரதம் வழிமறிக்கிறது. விளைவு, வைரஸை அடக்கும் கை தளர்ந்திருக்க, திசுவைப் புண்ணாக்கும் கை ஓங்குகிறது. 2020 ஜூனில் வெளியான பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு முடிவு இதோடு நன்றாகப் பொருந்துகிறது. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோனைத் தினம் 6 மில்லிகிராம் கொடுத்ததில் வெண்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் மரணம் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பலனே இல்லை. அழற்சி தலைக்கு மேல் போகுமுன் அதை அடக்குவது, உடல் வைரஸோடு போராடும் நேரத்தில் அதன் கையைக் கட்டுவதாகிவிடும். நம் ஊரில் 2021இல் இரண்டாம் அலையின்போது காய்ச்சல் கண்டவுடனே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. சர்க்கரை நோயாளிகளைக் கறுப்புப் பூஞ்சை அப்படித் தாக்கியதற்கு அந்த அவசரமும் ஒரு காரணம்.