மருத்துவ ஆய்விதழ்களில் கருத்துத் திருட்டுத் தடுப்பு

கருத்துத் திருட்டு என்பது பிறருடைய சொற்களையோ தரவுகளையோ எண்ணங்களையோ மூலத்தைக் குறிப்பிடாமல் தன்னுடையவை போல வெளியிடுதல் ஆகும். எல்லாத் துறைகளிலும் இது உரியவரின் பெயரைப் பறிக்கிறது. மருத்துவத்தில் இதனால் நோயாளரும் பாதிக்கப்படக்கூடும்.

மருத்துவத்தில் இதன் விளைவு

ஒரு மருந்தின் பயனை அறிய, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வு என்னும் முறை பயன்படுகிறது. ஒரே நோயாளர் குழுவின் முடிவுகள் இரு வேறு குழுக்களுடையவை போல வெளிவந்தால் அவர்கள் இருமுறை எண்ணப்படுவர். அறுவைக்குப் பின் வரும் வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் மருந்தைப் பற்றி 1997இல் பிரித்தானிய மருத்துவ ஆய்விதழில் வெளியான ஆய்வு இதைக் கணக்கிட்டுக் காட்டியது. நோயாளர் தரவுகளில் 28% மறைமுகமாக மீண்டும் வெளியிடப்பட்டவை. அவற்றையும் சேர்த்தபோது மருந்தின் ஆற்றல் 23% கூடுதலாக மதிப்பிடப்பட்டது. இங்கு நடந்தது ஒரே ஆய்வின் மறுவெளியீடு. எனினும் பிறருடைய தரவைத் திருடினாலும் கணக்கில் நேரும் பிழை இதுவே ஆகும்.

அறியப்பட்ட நிகழ்வுகள்

எலியாஸ் அல்சப்டி என்பவர் 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க ஆய்வகங்கள் பலவற்றில் பணியாற்றினார். அவர் பெயரில் சுமார் 60 கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றுட் பல, பிறருடைய கட்டுரைகளின் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மாற்றி, அதிகம் படிக்கப்படாத இதழ்களுக்கு அனுப்பப்பட்டவை என்பது 1980இல் வெளிப்பட்டது. மதிப்பாய்வுக்காக அஞ்சலில் வந்த ஒரு கையெழுத்துப்படியும் இவ்வாறு திருடப்பட்டது. அது அனுப்பப்பட்ட மதிப்பாய்வாளர் அதற்கு முன்னரே இறந்துவிட்டிருந்தார். திருட்டுப்படி மூலத்துக்கு முன்பாகவே அச்சேறியதால், பார்ப்பவருக்கு மூல ஆசிரியரே திருடர் போலத் தோன்றக்கூடிய நிலை உண்டானது.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே வாயில் திறந்தே இருந்தது. மைக்கேல் டான்சிங்கர் குழுவினர் 2015இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு அனுப்பிய கட்டுரை ஏற்கப்படவில்லை. அதை மதிப்பாய்வு செய்தவரே, நோயாளர் ஐரோப்பியர் என மாற்றி, வேறோர் இதழில் தம் பெயரில் வெளியிட்டார். 2016இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அக்கட்டுரை கூறிய ஐரோப்பிய நோயாளர் ஒருவரும் இல்லை.

மென்பொருள்வழிக் கண்டறிதல்

இத்தகைய மென்பொருள்கள் பொதுவாக ஒரு கட்டுரையைச் சில சொற்கள் நீளமுள்ள, ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கணிக்கப்பட்டு, ஏற்கனவே அட்டவணைப்படுத்தப்பட்ட கட்டுரைகளின் எண்களுடன் ஒப்பிடப்படுகிறது. கிராஸ்ரெஃப் அமைப்பு 2008இல் கிராஸ்செக் என்ற பெயரில் இச்சேவையைத் தொடங்கியது. பதிப்பகங்கள் தம் கட்டுரைகளின் முழு உரையையும் ஒப்பீட்டுக்குத் தந்தது இதன் வலிமையாகும்.

டெக்சாசு பல்கலைக்கழகத்தின் ஹரோல்ட் கார்னர் குழுவினர் வேறு வழியில் சென்றனர். மெட்லைன் தரவுத்தளத்தின் ஆய்வுச்சுருக்கங்களை ஈடிபிளாஸ்ட் என்னும் நிரலால் ஒப்பிட்டனர். திருட்டு என ஐயுறத்தக்க 212 கட்டுரை இணைகளைப் பற்றி 2009இல் சயின்ஸ் இதழில் எழுதினர். இவ்விணைகளின் உரை ஒற்றுமை சராசரியாக 86.2% ஆகும். இவர்கள் கடிதம் எழுதிக் கேட்கும்வரை மூல ஆசிரியருள் பெரும்பாலோர் அதை அறிந்திருக்கவில்லை!

ஆயினும் மென்பொருள் காண்பது உரை ஒற்றுமையை மட்டுமே. வெளிவராத கையெழுத்துப்படி தரவுத்தளத்தில் இராது என்பதால், மேற்கூறிய மதிப்பாய்வாளர் திருட்டை அது கண்டிருக்க இயலாது. சொற்களை ஒத்த சொற்களால் மாற்றியும் தப்பலாம். 2021இல் கிய்யோம் கபனாக் உள்ளிட்ட மூவர் இதன் தடயங்களைத் தொகுத்தனர். மார்பகப் புற்றுநோய் 'மார்பு ஆபத்து' எனவும், சிறுநீரகச் செயலிழப்பு 'சிறுநீரக ஏமாற்றம்' எனவும் பொருள்படும் ஆங்கிலத் தொடர்களாக மாறியிருந்தன. படித்துப் பார்த்த எவருக்கும் இது புலப்பட்டிருக்கும். அவை அச்சேறியதுதான் வியப்பு.

மறுபுறம், ஆய்வுமுறையை விவரிக்கும் பகுதியில் ஒற்றுமை இயல்பானது. இரத்த மாதிரியை எடுத்துப் பிரித்த முறையை இருபது விதமாக எழுத முடியாது. ஆகவே முறைப்பகுதியில் 25% ஒற்றுமை குற்றமற்றதாகவும், முடிவுரையில் 5% திருட்டாகவும் இருக்கக்கூடும். இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் 10%, 40%, 60% என எல்லைகள் வகுத்துத் தண்டனையைப் படிப்படியாக உயர்த்துகின்றன. நிர்வாகத்துக்கு இது எளிது. ஆனால் மாணவர் எண்ணைக் குறைப்பதையே நோக்கமாகக் கொள்ளும் இடர் இதில் உண்டு.

இதழாசிரியரின் பணி

பிரித்தானிய மருத்துவ இதழாசிரியர்கள் 1997இல் தொடங்கிய வெளியீட்டு நெறிமுறைக் குழு, ஐயம் எழுந்தால் எடுக்க வேண்டிய படிகளை வரையறுத்துள்ளது. முதலில் கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்கப்படும். விடை நிறைவளிக்காவிடில் அவர் பணியாற்றும் நிறுவனத்துக்கு அறிவிக்கப்படும். திருட்டு உறுதியானால் வெளிவந்த கட்டுரை திரும்பப் பெறப்படும். அத்தகைய கட்டுரையைப் பப்மெட் தரவுத்தளம் நீக்கிவிடுவதில்லை. திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்பை அதனுடன் இணைத்துக் காட்டுகிறது. தொகுப்பாய்வு செய்வோர் இவ்வறிவிப்பைக் கண்டு அதன் நோயாளரைக் கணக்கிலிருந்து விலக்கலாம்.