பேர் போட்ட பொட்டலம்

என் கணவருக்கு ஒரகடத்தில் ஒப்பந்த வேலை. போன வருடம் அது நின்றதும், இட்லிப் பொடி அரைத்துக் கடையில் கொடுத்தேன். பேரில்லாத பொடியை யாரும் சீண்டவில்லை. "பேசாம வீட்டுல இரு" என்றார் மாமியார்.

அப்போதுதான் 'சிக்' ஷாம்பு கதையைப் படித்தேன். கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15 ஆயிரம் ரூபாயில் தொடங்கியதாம். கிராமத்தில் கூட்டம் கூட்டி, ஒரு பையனுக்குத் தலை அலசிவிட்டு, 'முடியைத் தொட்டுப் பாருங்க' என்று காட்டியே விற்றார்களாம்.

நானும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்து, மகள் பேரை ஒட்டி, 10 ரூபாய்ப் பொட்டலமாகப் போட்டேன். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி வாசலில் இட்லியோடு நின்றேன். ருசி பார்த்த பிறகுதான் காசு!

ஒருமுறை எள் தீய்ந்து கசந்துவிட்டது. 20 பொட்டலத்தையும் திரும்ப வாங்கி, காசைக் கொடுத்தேன். அழுகையே வந்துவிட்டது. மறுவாரம் அதே பெண்கள் பேர் சொல்லிக் கேட்டார்கள்.

இப்போது பக்கத்து வீட்டு அக்காவின் வடகத்துக்கும் நானே பேர் வைத்து விற்றுத் தருகிறேன். பத்து ரூபாய்க்கு ஒரு ரூபாய் எனக்கு.

பேர் போட்டால் பாராட்டு மட்டுமா, திட்டும் நம் வீட்டுக்குத்தான் வரும். அதற்குத் துணிந்தால் ஜெயிக்கலாம் தோழிகளே!

- ஒரு வாசகி, சேரப்பணஞ்சேரி.