ஸ்கூட்டரா, சீசன் டிக்கெட்டா, ரூம் மாத்துறதா? கேம்பஸ் போய்வர உண்மையில் எவ்வளவு ஆகுது?

"சார், டூ-வீலர் லோன் எடுக்கலாமா?" சேனலுக்கு வரும் கேள்விகளில் மாதத்துக்கு நாலு முறையாவது இது வந்துவிடும். போன மாதம் வந்த ஒரு மெயில் மட்டும் என்னைக் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போட வைத்தது.

எழுதியவருக்கு 25 வயது. கிண்டிப் பக்கம் ஒரு கல்வி வளாகத்தில் ப்ராஜெக்ட் வேலை. கைக்கு வரும் சம்பளம் ரூ.32,000. தாம்பரத்தில் நண்பர்களோடு வீடு, அவர் பங்கு வாடகை ரூ.6,500. ஊருக்கு மாதம் ரூ.10,000 அனுப்புகிறார். வேலைக்குப் போக ரயில், பஸ், அவசரத்துக்கு ஆட்டோ. ஒரு வழிக்கு ஒண்ணேகால் மணி நேரம்.

"டெய்லி இந்தக் கூட்டத்துல முடியல சார். ஸ்கூட்டர் வாங்கினா பெட்ரோலுக்கு ஆகுற காசும் இப்ப ஆகுற காசும் ஏறக்குறைய ஒண்ணுதான். டவுன் பேமென்ட்டுக்கு அம்மா நகையை வைக்கிறேன்னு சொல்றாங்க." இதுதான் அவர் வாதம்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிவு. வாங்க, கணக்கைப் பார்ப்போம்.

வழி 1: ஸ்கூட்டர்

ஆன்-ரோடு விலை ரூ.1,00,000 என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் ரூ.20,000, லோன் ரூ.80,000. வட்டி 12%, 36 மாதம். இ.எம்.ஐ. ரூ.2,657 வரும்.

தாம்பரத்தில் இருந்து கேம்பஸ் 18 கி.மீ. போய்வர 36. மாதம் 22 நாளுக்கு 792 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ., பெட்ரோல் ரூ.101 என்றால் ரூ.1,778. நண்பர் இதோடு நிறுத்திவிட்டார். நாம் நிறுத்த வேண்டாம்.

5 வருஷம் ஓட்டி ரூ.35,000-க்கு விற்றால், தேய்மானம் மாதம் ரூ.1,083. லோனுக்குக் கட்டும் மொத்த வட்டி சுமார் ரூ.15,650, அதை 60 மாதத்துக்குப் பிரித்தால் ரூ.261. சர்வீஸ், ஆயில், டயர் எல்லாம் சேர்த்து மாதம் ரூ.500. புது வண்டிக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை 5 வருஷத்துக்கு வாங்கும்போதே கட்டிவிடுகிறோம். ஓன் டேமேஜ் பாலிசிக்கு மாதம் ரூ.200 ஒதுக்கலாம்.

கூட்டினால் மாதம் ரூ.3,822. பெட்ரோல் செலவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினால் பெட்ரோல் வரி சுருங்கும். தேய்மானம், வட்டி, இன்சூரன்ஸ் அப்படியேதான் நிற்கும்.

இது ஐந்து வருஷ சராசரி. லோன் ஓடும் முதல் மூன்று வருஷம் பாக்கெட்டில் இருந்து போவது இ.எம்.ஐ.யும் சேர்த்து மாதம் ரூ.5,135.

வழி 2: ரயில் + பஸ்

தாம்பரம் - கிண்டி மின்சார ரயிலில் இரண்டாம் வகுப்பு டிக்கெட் ரூ.5. 22 நாள் போய்வர ரூ.220. சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் குறையும். மூன்று மாத சீசனுக்கு 2.7 மாதக் காசுதான் வாங்குகிறார்கள், வரிசையில் நிற்பதும் மிச்சம்.

வீட்டில் இருந்து ஸ்டேஷன், கிண்டியில் இருந்து கேம்பஸ் என்று இரண்டு முனையிலும் பஸ். எம்.டி.சி.யின் ரூ.1,000 மாதப் பாஸ் எடுத்தால் ஏ.சி. பஸ் தவிர எதிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். மழை நாள், லேட்டான நாள் என்று மாதம் ஆறு முறை ஆட்டோ, ரூ.600. (ஆட்டோவே ஏறமாட்டேன் என்று யாராவது பட்ஜெட் போட்டால் நான் நம்புவதில்லை.)

மொத்தம் ரூ.1,820. ஸ்கூட்டரைவிட மாதம் ரூ.2,000 குறைவு. 5 வருஷத்தில் வட்டி சேர்க்காமலே ரூ.1,20,000. ஒரு ஸ்கூட்டரை ரொக்கமாக வாங்கும் காசு!

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் மாறும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்த பஸ்கள் உங்கள் ரூட்டில் நேரத்துக்கு வருமென்றால் ரூ.1,000 பாஸே தேவைப்படாது. முதலில் ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் பாஸ் எடுங்கள்.

வழி 3: கேம்பஸ் பக்கத்தில் ரூம்

"அங்க வாடகை ஜாஸ்தி சார்" என்று பலர் யோசிக்காமலே விட்டுவிடும் வழி இது. சைதாப்பேட்டை, வேளச்சேரிப் பக்கம் ஷேரிங்கில் அவர் பங்கு ரூ.9,000 ஆகும் என்று வைப்போம். வாடகை ரூ.2,500 கூடுகிறது. ஆனால் ரயில் இல்லை, ஆட்டோ அநேகமாக இல்லை. பஸ் பாஸ் ரூ.1,000 மட்டும். பயணத்தில் ரூ.820 மிச்சம். ஆக, உண்மையில் கூடுவது ரூ.1,680.

பதிலுக்கு என்ன கிடைக்கிறது? 75 நிமிடப் பயணம் 25 நிமிடம் ஆகிறது. ஒரு நாளைக்கு 100 நிமிடம், மாதம் சுமார் 37 மணி நேரம். ஒரு மணி நேரத்தை சுமார் ரூ.46 கொடுத்து வாங்குகிறீர்கள்.

இதே அளவுகோலை ஸ்கூட்டருக்கும் வைப்போம். பீக் அவர் ஜி.எஸ்.டி. ரோட்டில் 55 நிமிடம் என்றால், ஒரு வழிக்கு 20 நிமிடம் மிச்சம். மாதம் 15 மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதற்குக் கூடுதலாகத் தருவது ரூ.2,000. மணிக்கு சுமார் ரூ.136. ரயிலிலாவது உட்கார இடம் கிடைத்தால் படிக்கலாம், தூங்கலாம். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு இரண்டும் முடியாது.

சம்பளத்தில் ஊருக்கு அனுப்புவது, வாடகை, பயணம் மூன்றும் போக மிஞ்சுவது:

ஸ்கூட்டர் (லோன் ஓடும்போது): ரூ.10,365
ரயில் + பஸ்: ரூ.13,680
பக்கத்தில் ரூம்: ரூ.12,000

ஒரு எச்சரிக்கை: ரூம் மாற அட்வான்ஸ் வேண்டும். அது திரும்பி வரும் காசுதான், செலவு இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கையில் இருக்க வேண்டும்.

கணக்கில் வராத ஒரு தேதி

நான் அவரிடம் திருப்பிக் கேட்ட ஒரே கேள்வி: "உங்க ஆர்டர்ல எத்தனை மாசம் போட்டிருக்கு?"

"11 மாசம் சார். ஃபண்ட் இருந்தா ரின்யூ பண்ணுவாங்க."

வேலை 11 மாதம். லோன் 36 மாதம். 11 இ.எம்.ஐ. கட்டி முடித்த பிறகும் சுமார் ரூ.58,500 பாக்கி இருக்கும். ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் இருக்கும். பாக்கியைத் தீர்த்து என்.ஓ.சி. வாங்காமல் வண்டியை முறையாக விற்க முடியாது. ரின்யூவல் வரவில்லை என்றால் பெட்ரோலுக்கும் காசு இருக்காது, இ.எம்.ஐ. மட்டும் தேதி தவறாமல் வரும். அம்மாவின் நகை அடகுக் கடையில் இருக்கும். பஸ் பாஸை அடுத்த மாதமே நிறுத்தலாம். ரூமை நோட்டீஸ் கொடுத்துக் காலி பண்ணலாம். லோனுக்கு அந்த வசதி இல்லை.

கெஸ்ட் லெக்சரர், ப்ராஜெக்ட் ஸ்டாஃப், ஐ.டி.யில் கான்ட்ராக்ட் வேலை, யாராக இருந்தாலும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: கையில் இருக்கும் ஆர்டரின் காலத்தைவிட நீளமான லோன் எடுக்காதீர்கள்.

டாக்ஸ் பக்கம் கொஞ்சம்

"கன்வேயன்ஸ் அலவன்ஸுக்கு வரி இல்லையே?" என்று இன்னும் கேட்கிறார்கள். மாதம் ரூ.1,600 விலக்கு 2018-19 நிதியாண்டிலேயே போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன். மாற்றுத் திறனாளி ஊழியர்களுக்கு மட்டும் மாதம் ரூ.3,200 வரை விலக்கு தொடர்ந்தது, புதிய வரி முறையிலும்.

மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களில் நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு, ஏழாவது ஊதியக் குழுப்படி சென்னையில் லெவல் 9-க்கும் அதற்கு மேலும் ரூ.7,200, லெவல் 3 முதல் 8 வரை பொதுவாக ரூ.3,600, அதன் மேல் டி.ஏ.வும் சேர்த்து டிரான்ஸ்போர்ட் அலவன்ஸ் உண்டு. இது சம்பளமாகவே வரிக்கு வரும். ஒரு காலண்டர் மாதம் முழுக்க லீவில் இருந்தால் வராது.

மாறாக, காலேஜோ கம்பெனியோ வீட்டுக்கும் வேலைக்கும் பஸ் விட்டால், அந்த வசதிக்கு உங்கள் கையில் வரி கிடையாது. சம்பளம் பேசும்போது "காசா, பஸ்ஸா" என்று வந்தால் இதையும் எடை போடுங்கள். ஆனால் பஸ் கட்டணம் சம்பளத்தில் பிடித்தால் அதற்குத் தனிக் கழிவு இல்லை. வருஷக் கட்டணத்தை மொத்தமாக வாங்குகிறார்கள் என்றால், நடுவில் விட்டால் எவ்வளவு திரும்பி வரும் என்று எழுத்தில் கேளுங்கள்.

வீட்டில் காலேஜ் போகிற தம்பி, தங்கச்சி இருந்தால்

ரயில் சீசன் டிக்கெட்டில் மாணவர்களுக்குப் பாதி சலுகை உண்டு, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 75%. பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண்களுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம். கல்லூரி ஆபீஸில் சர்டிஃபிகேட் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்காமலேயே டிக்கெட் எடுத்துப் போகிறவர்கள் நிறைய.

கேட்டோடு பயணம் முடிவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகம் மட்டும் 600 ஏக்கருக்கு மேல். அந்த மாதிரி இடத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் சைக்கிள் செய்யும் வேலையை எந்த லோனும் செய்யாது.

அப்போ ஸ்கூட்டரே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. லேபில் ராத்திரி பத்து மணி வரை வேலை, அந்த நேரத்தில் பஸ் இல்லை, தனியாகப் போவது பயம் என்றால் ஸ்கூட்டர் வாங்குங்கள். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றாலும் வாங்குங்கள். பாதுகாப்புக்குக் கொடுக்கும் காசை நான் வீண் என்று எழுதமாட்டேன். முடிந்தால் செகண்ட் ஹேண்ட், முடிந்தால் ரொக்கம். ஹெல்மெட்டிலும், ரூ.15 லட்சம் பெர்சனல் ஆக்சிடென்ட் கவரிலும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மெயில் அனுப்பியவர் இரண்டு வாரம் கழித்து எழுதினார். கூட வேலை செய்பவரோடு சைதாப்பேட்டையில் ரூம் பார்த்துவிட்டாராம். மிச்சமாகும் நேரத்தில் நெட் தேர்வுக்குப் படிக்கப்போகிறாராம். "அம்மாகிட்ட நகை வேணாம்னு சொல்லிட்டேன் சார்."

உங்கள் தூரம், உங்கள் வாடகை, உங்கள் வேலை நேரம் வேறாக இருக்கும். விடையும் மாறலாம். ஒரு பேப்பரை எடுத்து மூன்று வரி எழுதுங்கள்: மாதம் மொத்தம் எவ்வளவு போகிறது, எத்தனை மணி நேரம் போகிறது, இந்த வேலை எத்தனை மாதம் உறுதி. மூன்றையும் பார்த்த பிறகு ஷோரூமுக்குப் போங்கள்.