வேளாண்மை என்னும் சொல்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை, ஞாயிறு படும் திசையிலுள்ளதாதலின் படுவான்கரை எனப் பெயர் பெற்றது. கிழக்கிலுள்ளது எழுவான்கரை. படுவான்கரைச் சிற்றூர்களிலே வயலில் விளைந்து நிற்கும் நெற்பயிருக்கு வழங்கும் பெயர் வேளாண்மை என்பதாம். ‘வேளாண்மை வெட்டுகிறோம்’ என்பர் அவ்வூர் மக்கள்.

கற்றோர் சிலர் இதனைக் கொச்சை என்று எள்ளுவதுண்டு. அது பொருந்தாது. தொழிலின் பெயர் அதனால் விளைந்த பொருளுக்கு ஆகி வருதல் தொழிலாகுபெயர் என்பதை மாணவரும் அறிவர். அன்றியும், வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்திலே இச்சொல்லை உபகாரம் என்னும் பொருளில் ஆண்டுள்ளார். பயிர், உபகாரம் என்னும் இரு பொருளும் ஒருங்கு கூடிய இடம் ஒன்று இருந்தது. அதுவே சூடு மிதிக்கும் களம்.

வெட்டிய கதிரைக் களத்திலே சூடாகக் குவித்து, மாடுகளை வட்டமாக நடத்தி மிதிப்பித்தனர். அங்கே அமங்கலச் சொல் எழாது. தூற்றிய நெல் பொலி எனப்படும். அளக்குங்கால் முதல் அளவை ஒன்று என்னாது ‘லாபம்’ என்பர். நன்னூலார் கூறிய மங்கலமும் குழூஉக்குறியும் ஏட்டிலன்றிக் களத்திலும் உயிரோடு உலாவின. பொலி வீடு சேருமுன்னே கோயிலுக்கும், ஊர்த் தொழிலாளர்க்கும், இரந்து வந்தோர்க்கும் நெல் அளக்கப்பட்டது. அக்கொடையிலே உயர்வு தாழ்வும் கலந்திருந்தது; அதனை மறைத்தல் நேர்மையன்று. எனினும், வெறுங்கையோடு மீண்டவர் அரியர்.

இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே வெட்டி, அடித்து, நெல்லைப் பிரித்துத் தருகின்றது. மூடைகள் பெரும்பாலும் வயலோரத்திலிருந்தே வணிகர் வண்டியில் ஏறுகின்றன. பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிகின்றது. மழைக்கு அஞ்சிக் கண்விழிக்கும் துன்பமும் குறைந்தது. உழவரின் முதுகு நிமிர்ந்ததை யார் வெறுப்பர்? இயந்திரத்தைப் பழித்தல் நம் கருத்தன்று.

ஆயின், களம் ஒழிய, அளந்து கொடுக்கும் வேளையும் ஒழிந்தது. வேளாண்மை என்னும் சொல்லின் ஒரு பொருள் வயலில் நிற்கின்றது; மற்றொன்று நிற்க இடமின்றி அலைகின்றது.

மாணவர்காள்! சூடு மிதித்த முதியோர் இன்னும் நம் ஊர்களிலே உளர். அவர்களை அணுகிக் களத்துச் சொற்களைக் கேட்டு எழுதிவைமின். எழுதும்போது, யார் யார்க்கு எவ்வளவு அளந்தனர் என்பதையும் மறவாது கேண்மின்.