வானத்தில் ஓட்டம்... தண்ணீர் இல்லாத நீச்சல்!

மார்கழி மாதம். விடியற்காலை ஐந்தரை மணி. அலாரம் அடிக்கிறது. போர்வைக்கு வெளியே ஒரு பாதத்தை நீட்டிப் பார்க்கிறீர்கள். ஜில்! 'இன்று ஒருநாள் ஓடப் போகாவிட்டால் என்ன?' என்று பாதம் தானாகவே உள்ளே போய்விடுகிறது.

நீச்சல் பழகும் குட்டீஸ் பாடு இன்னும் கஷ்டம். மழை பெய்தால் நீச்சல் குளத்தை மூடிவிடுவார்கள். மழை விட்டாலோ தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். அதற்குள் அரையாண்டு விடுமுறை வந்துவிடும். பாட்டி வீடு, மாமா கல்யாணம் என்று ஊர் ஊராகப் பயணம். ஒருநாள் லீவு ஒரு வாரமாகும். ஒரு வாரம் ஒரு மாதமாகும். பொங்கல் முடிந்து மைதானத்துக்குப் போனால், இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்கும். "என்னடா, கஷ்டப்பட்டுப் பழகினதெல்லாம் போச்சா?" என்பார் பி.டி. சார்.

ஓட ரோடும் இல்லை, நீந்தக் குளமும் இல்லை. அப்படி ஓர் இடத்துக்குப் போயும் இரண்டையும் விடாத ஒருவரை இன்று சந்திப்போமா? அவர் போன இடம், பூமியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது!

மிதக்காமல் ஓடுவது எப்படி?

அவர் பெயர் சுனிதா வில்லியம்ஸ். விண்வெளி வீராங்கனை. அவருடைய அப்பா குஜராத்தைச் சேர்ந்தவர். சுனிதா வளர்ந்தது, அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் உள்ள நீதம் என்ற ஊரில். அங்கே குளிர்காலம் என்றால் வீட்டு வாசலில் பனி குவிந்துகிடக்கும். அந்த ஊரில்தான் சின்ன வயதிலேயே நீச்சல் போட்டிகளில் கலந்துகொள்ள ஆரம்பித்தார். வளர்ந்த பிறகு ஓட்டத்திலும் இறங்கினார்.

2006 டிசம்பரில் அவர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். மறு ஆண்டு ஏப்ரல் 16 அன்று பாஸ்டனில் புகழ்பெற்ற மாரத்தான் போட்டி. தூரம் 42.195 கிலோமீட்டர். 'ஊரில் இல்லையே, என்ன செய்வது?' என்று சுனிதா விட்டுவிடவில்லை. விண்வெளி நிலையத்திலேயே டிரெட்மில்லில் ஓடினார். கீழே பாஸ்டனில் அன்று குளிரும் மழையும் பலத்த காற்றும். மேலே விண்ணில் சுனிதா தனியாக ஓடிக்கொண்டிருந்தார்.

அங்கே எடையே தெரியாதே, ஓர் எட்டு வைத்தாலே மிதந்து போய்விடுவோமே என்று கேட்கிறீர்களா? சரியான கேள்வி! அதனால் தோளிலும் இடுப்பிலும் பட்டைகளை மாட்டி, இழுவிசை உள்ள கயிறுகளால் தன்னை டிரெட்மில்லோடு பிணைத்துக்கொண்டார். சுமார் 4 மணி 24 நிமிடங்களில் முழுத் தூரத்தையும் ஓடி முடித்தார். அவர் ஓடி முடிப்பதற்குள் விண்வெளி நிலையம் பூமியை இரண்டு தடவைக்கு மேல் சுற்றிவிட்டது!

துளித் தண்ணீர் இல்லாமல் நீச்சல்!

2012 ஜூலையில் சுனிதா மறுபடியும் விண்வெளிக்குப் போனார். இந்தத் தடவை அவர் செய்தது இன்னும் வேடிக்கை. அந்த ஆண்டு செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவில் ஒரு டிரையத்லான் போட்டி நடந்தது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்வதுதான் டிரையத்லான். சுனிதா அதையும் விண்ணிலிருந்தே செய்தார்.

ஓட்டத்துக்கு டிரெட்மில் இருந்தது. சைக்கிளுக்குச் சீட் இல்லாத ஒரு பயிற்சி சைக்கிள் இருந்தது. மிதப்பவருக்குச் சீட் எதற்கு? சரி, நீச்சலுக்கு? விண்வெளியில் தண்ணீரைக் கொட்டினால் உருண்டை உருண்டையாக மிதக்கும். குளம் கட்ட முடியாது.

சுனிதாவுக்கு எடை தூக்கும் பயிற்சி இயந்திரம் கைகொடுத்தது. எடையில்லாத இடத்தில் இரும்புக் குண்டு கனக்காது. அதனால் அந்த இயந்திரம் காற்றை வெளியேற்றிய உருளைகளைக் கொண்டு எதிர்விசை தருகிறது. இழுத்தால் எதிர்த்து இழுக்கும். யோசித்துப் பாருங்கள், நீச்சலிலும் இதுதானே நடக்கிறது? உங்கள் கை தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது, தண்ணீர் எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பை வேறு வழியில் உண்டாக்கினால், நீந்த உதவும் தசைகளுக்கு வேலை கிடைத்துவிடும். மூன்றையும் முடிக்க சுனிதாவுக்கு ஆன நேரம் 1 மணி 48 நிமிடம் 33 விநாடி.

உடம்பு ஒரு கறார் கடைக்காரர்!

இவ்வளவு சிரமம் எதற்கு? விண்வெளியில் உடற்பயிற்சி பொழுதுபோக்கு இல்லை, கட்டாயம். வீரர்கள் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள். செய்யாவிட்டால் தசை மெலியும். இடுப்பு, கால் போன்ற இடங்களில் எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறையும்.

உடம்பு ஒரு கறார் கடைக்காரர். விற்காத சரக்கைக் கடையில் வைத்திருக்க மாட்டார்! பூமியில் நமக்கும் இதே கதைதான். பயிற்சியை அடியோடு நிறுத்தினால், இரண்டு மூன்று வாரங்களிலேயே மூச்சுத் திறன் குறைய ஆரம்பிக்கும். ஆனால் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. பயிற்சியை நிறுத்தாமல் குறைத்துக்கொண்டால், அதாவது வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், கொஞ்ச நேரமே ஆனாலும் சுறுசுறுப்பாகச் செய்தால், சம்பாதித்ததில் பெரும்பகுதியைப் பல வாரங்கள் காப்பாற்றலாம்.

2024 ஜூன் மாதம் சுனிதா மூன்றாவது தடவையாகப் போனார். ஏதோ ஒரு வாரப் பயணம் என்றுதான் கிளம்பினார். விண்கலத்தில் கோளாறு ஏற்பட்டதால், 286 நாட்கள் கழித்து, 2025 மார்ச்சில்தான் திரும்ப முடிந்தது. அத்தனை நாளும் பயிற்சி தொடர்ந்தது. அதை விட்டிருந்தால் பூமியில் மறுபடி நிற்பதும் நடப்பதும் எவ்வளவு கஷ்டமாகியிருக்கும்!

நீங்கள் என்ன செய்யலாம்?

* எழுந்ததும் ஓடாதீர்கள். குளிரில் தசைகள் விறைப்பாக இருக்கும். வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் கை கால்களை அசைத்து, நின்ற இடத்தில் மெல்லக் குதித்துச் சூடேற்றுங்கள்.

* மழையா? மைதானம் வழுக்கும். வீட்டிலேயே ஸ்கிப்பிங், தோப்புக்கரணம், தண்டால் என்று மாற்றி மாற்றி 20 நிமிடம் செய்யுங்கள்.

* குளம் மூடியிருக்கிறதா? பெரியவர் உதவியோடு, பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் மாட்டுங்கள். முன்பக்கம் குனிந்து, அதன் இரு முனைகளையும் இடுப்புவரை பின்னால் இழுங்கள். 15 தடவை, மூன்று சுற்று. இதுதான் உங்கள் தண்ணீர் இல்லாத நீச்சல்!

* ஊருக்குப் போகிறீர்களா? துணிமணியோடு ஷூவையும் ஸ்கிப்பிங் கயிற்றையும் பையில் வையுங்கள். கல்யாண வீடு என்றாலும் மொட்டை மாடி இருக்குமே!

* பனியில் தாகம் தெரியாது. ஆனாலும் தண்ணீர் குடியுங்கள்.

* ஊரிலிருந்து திரும்பியதும் விட்டதை எல்லாம் ஒரே நாளில் பிடிக்கப் பார்க்காதீர்கள். முதல் வாரம் பாதியளவு போதும்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

பயிற்சியை விடக்கூடாது என்பதற்காக ஆபத்தை விலைக்கு வாங்கக்கூடாது. பாட்டி ஊரில் ஏரியும் கிணறும் ஆறும் நிரம்பி 'வா வா' என்று கூப்பிடும். நகரத்துக் குளத்தில் நீங்கள் சூரராக இருக்கலாம். ஆனால் அங்கே சேறும் சுழலும் திடீர்ப் பள்ளமும் கண்ணுக்குத் தெரியாது. நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் கூட இல்லாமல் இறங்கவே கூடாது.

இடிச் சத்தம் கேட்டால் உடனே குளத்தை விட்டும் மைதானத்தை விட்டும் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரவேண்டும். நீந்தும்போது உடம்பு நடுங்கினாலோ, உதடு நீலமானாலோ உடனே கரையேறித் துவட்டிக்கொள்ளுங்கள். மூடுபனியில் வண்டி ஓட்டுபவருக்கு உங்களைத் தெரியாது. அதனால் இருட்டில் சாலையில் ஓட வேண்டாம். வெளிச்சம் வந்ததும் மைதானத்தில் ஓடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் குளிரில் ஓடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்றால் முழு ஓய்வுதான். உடம்பு தேறிய பிறகு ஓடிக்கொள்ளலாம்.

நாளைக் காலையும் ஜில்லென்றுதான் இருக்கும். அலாரம் அடித்ததும் போர்வையிலிருந்து ஒரு பாதம் எட்டிப் பார்க்கும். அதை உள்ளே இழுக்காமல், அடுத்த பாதத்தையும் தரையில் வைத்துவிடுங்கள் குட்டீஸ்! பொங்கல் முடிந்து மைதானத்தில் உங்களைப் பார்க்கும்போது பி.டி. சார் என்ன சொல்கிறார் என்று கேட்போம்!