பெண் மகவும் பிறப்புச் சான்றிதழும்

பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப்போகும் தந்தையைத் திருமறை ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தில் கண்டிப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அத்தகைய முகச்சுளிப்பு நம் இல்லங்களில் இல்லை என்றே நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆயினும், மகனுடைய பிறப்புச் சான்றிதழ் பெட்டியில் பத்திரமாக இருக்க, மகளுடைய சான்றிதழில் பெயரே எழுதப்படாமல் கிடக்கும் வீடுகள் நம்மிடையே இல்லாமல் இல்லை.

பெண் சிசுக்கொலைச் செய்திகள் நாட்டை உலுக்கிய 1992 ஆம் ஆண்டில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தையும் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தையும் தொடங்கியது. பின்னது இன்றும் முதலமைச்சரின் பெயரால் நடைபெறுகிறது. ஒரே பெண் குழந்தையெனில் ரூ.50,000, இரண்டும் பெண்களெனில் தலைக்கு ரூ.25,000. இத்தொகை குழந்தையின் பெயரால் அரசு நிதி நிறுவனத்தில் வைப்பீடு செய்யப்பட்டு, அவளுக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருப்பின், வட்டியுடன் வழங்கப்படும். விண்ணப்பத்தின் முதல் ஆவணமே பிறப்புச் சான்றிதழ்தான். அதைக் குழந்தைக்கு மூன்று வயது நிறைவதற்குள் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால், இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் நிரந்தரக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்திருக்க வேண்டும். ஆண் வாரிசு இருத்தல் கூடாது. வருமான வரம்பும் உண்டு. நிரந்தரக் கருத்தடையை மார்க்க அறிஞர் பலர் அனுமதிப்பதில்லை. ஆகவே பட்டுத் தறியையும் சிறு கடையையும் நம்பி வாழும் போளூர், ஆரணிப் பகுதியின் ஓர் எளிய முஸ்லிம் தாய்க்கு இத்திட்டம் கதவைத் திறந்துவைத்து வாசற்படியை உயர்த்திவிட்டதாகவே தோன்றும். 2008 இல் மத்திய அரசு வேறு சில மாநிலங்களில் சோதனையாக நடத்திய ‘தனலட்சுமி’ திட்டமோ, பிறப்பைப் பதிவு செய்ததும் ஒரு தொகை, தடுப்பூசிக்கு ஒரு தொகை, பள்ளியில் சேர்த்தால் ஒரு தொகை எனப் படிப்படியாகக் கொடுத்தது. அதுவே நியாயமான வழி என்பது என் கருத்து. பெண்ணைக் காப்பதற்குரிய பரிசைத் தாயின் கருப்பையோடு முடிச்சுப் போடுவானேன்? வைப்பீட்டுக்குச் சேரும் வட்டி பற்றிய ஐயத்தை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பணம் கிடைக்காது என்பதனால் பதிவும் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, கடவுச்சீட்டு முதலியவற்றில் பிறந்த தேதிக்கு இச்சான்றிதழே ஆதாரம் எனச் சட்டம் கூறுகிறது. ஆதார் அட்டையைக் காட்டித் தப்பித்துவிட இயலாது.

பிறந்த இருபத்தொரு நாள்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டும் வழக்கமுள்ள நமக்கு இது எத்துணை வசதி! அன்றே பெயரையும் பதிந்துவிடலாம். பெயரில்லாமல் பதிந்திருந்தால் ஓராண்டு வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பின் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்த நேரும். பிறப்பையே ஓராண்டுக்கு மேல் பதியாமல் விட்டால் அதிகாரம் பெற்ற நடுவரின் ஆணை வேண்டும். தறியை நிறுத்திவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைய யாரால் முடியும்?

முக்கியமாக ஒன்று. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். போளூரில் வாழ்க்கைப்பட்ட பெண் வேலூரில் பிள்ளை பெற்றால், பதிவு வேலூரில்தான். கருவுற்றபோது சுகாதாரச் செவிலியர் பதிந்து தரும் பன்னிரண்டு இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு தாய் வீடு செல்லுங்கள். அவ்வெண்ணின்றிச் சான்றிதழ் பெறுவது கடினம். பெயரின் எழுத்திலும் கவனம் தேவை. ஓர் ஏட்டில் ‘பாத்திமா’, மற்றோர் ஏட்டில் ‘ஃபாத்திமா பீவி’, வேறோர் ஏட்டில் ‘பாத்திமா பேகம்’ என்றிருந்தால், கடவுச்சீட்டு எடுக்கும் நாளில் மூன்று பெண்களாகிவிடுவாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டித் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

முன்னரே இத்திட்டத்தில் சேர்ந்தோரும் நம்மிடையே இருக்கக்கூடும். அப்பெண்களுள் பதினெட்டைக் கடந்தோர் பலர். வைப்புப் பத்திரத்தைத் தேடியெடுத்து, மதிப்பெண் சான்றிதழுடனும் பெண்ணின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குப் புத்தகத்துடனும் திருவண்ணாமலையிலுள்ள மாவட்ட சமூகநல அலுவலகத்தை அணுகுங்கள்.